நாலு நிமிட வீடியோ, ஐந்து வாக்கியங்கள்: பாக் நீரிணைக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கைச் சிறையில் இருந்த மீனவர்களைப் பற்றி ஒரு பையன் வீடியோவில் பேசியதால் எங்கள் ஊரில் வந்த சண்டையைப் பற்றியது இது. இந்த விஷயத்தை நான் வெளியே நின்று பார்த்தவன் இல்லை. ராமநாதபுரத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன், பிறந்து வளர்ந்தது மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே இருக்கிற ஒரு நாட்டுப்படகு ஊர், வீடியோவில் பேசிய பையன் எனக்கு அண்ணன் மகன் முறை. அவனுக்காக நான் எழுதிக் கொடுத்த ஒரு கடிதம்தான் இந்த விவகாரத்தில் நடந்த பெரிய தப்புகளில் ஒன்று என்று இப்போது நினைக்கிறேன், இதை எழுத உட்கார்ந்ததற்கும் அதுதான் காரணம். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தேதி, படகின் அடையாளம் எதுவும் இதில் இருக்காது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. பக்கத்துத் துறையிலிருந்து டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு போன ஒரு விசைப்படகை இலங்கைக் கடற்படை மடக்கியது, படகில் இருந்த 7 பேரும் அந்தப் பக்கம் சிறையில். ஏழில் மூன்று பேர் எங்கள் ஊர்க்காரர்கள். சொந்தமாக வத்தையோ வல்லமோ (நாட்டுப்படகு வகைகள்) இல்லாமல் போட்டில் பங்குக்குப் போகிறவர்கள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது, கரையில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் நடந்தது, மூன்று வீட்டுப் பெண்களும் பிள்ளைகளோடு அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

பையனுக்கு 24 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அப்பாவோடு நண்டு வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தப் படகு பிடிபடுவதற்கு நாலு நாள் முன்னால்தான் அவர்கள் விரித்திருந்த வலையை ஏதோ ஒரு விசைப்படகு தன் மடியோடு (கடலடியை வாரி வரும் இழுவை வலை) சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருந்தது. அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய வலை. எந்தப் படகு என்று தெரியவில்லை, ராத்திரி நடந்தது. அந்த வயிற்றெரிச்சல் ஆறாமல், பந்தலுக்கு எதிரே கரையில் நின்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினான். நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. பேஸ்புக்கில் போட்டான், அங்கிருந்து வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது.

அதில் அவன் சொன்னது நிறைய. சண்டைக்குக் காரணமானது ஐந்து வாக்கியம்தான், அவற்றை அவன் பேசியபடியே தருகிறேன், ஏனென்றால் கடைசி வரைக்கும் யாரும் அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

முதலாவது: "அங்கிட்டு வலை அறுபடுறவனும் தமிழன்தான், அவன் வீட்டு அழுகையும் அழுகைதான்." இரண்டாவது: "மடி இழுத்து இழுத்து நம்ம கடலைக் கொன்னாச்சு, மூணு மைலுக்குள்ள இழுக்குறதைக்கூட டிபார்ட்மெண்டு பார்த்துக்கிட்டு சும்மாதான் இருக்கு." மூன்றாவது: "பிடிபட்ட போட்டு எல்லைக்கு அங்கிட்டுத்தான் நின்னுச்சு, எல்லாருக்கும் தெரியும்." நாலாவது, படகின் நிறத்தையும் துறையையும் சொல்லி: "அந்த முதலாளி போட்டுல மீனு மட்டும் போகல, பீடி இலையும் போகுது." ஐந்தாவது: "இவனுகளை ஆறு மாசம் உள்ள வச்சாத்தான் புத்தி வரும்."

ஐந்தாவதைக் கேட்டபோது எனக்கே உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் நின்ற இடத்திலிருந்து பந்தல் ஐம்பது அடி இருக்கும்.

அடுத்த நாள் காலையில் யாரோ அந்த நாலு நிமிடத்தை வெட்டி 38 விநாடி ஆக்கினார்கள். முதல் வாக்கியமும் ஐந்தாவது வாக்கியமும் மட்டும், பின்னணியில் ஒரு சோக இசை, மேலே "துரோகி" என்று எழுத்து. அதுதான் ஊர் முழுக்கப் போனது. சாயங்காலம் ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம். நானும் போயிருந்தேன். பேச வாய்ப்புக் கிடைத்தபோது ஒன்று கேட்டேன்: "முழுசாப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க." நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்த கூட்டத்தில் நாலு கை எழுந்தது.

தீர்ப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. 25,000 ரூபாய் அபராதம். அவன் பந்தலில் எல்லார் காலிலும் விழ வேண்டும். பணம் கட்டும் வரை அவன் அப்பாவின் படகு தொழிலுக்குப் போகக் கூடாது, அவர்கள் நண்டை எந்த வியாபாரியும் எடுக்கக் கூடாது, எடுத்தால் வியாபாரிக்கும் அபராதம். கூட்டம் முடிந்த கையோடு நாலைந்து பேர் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரும் கொடுத்துவிட்டார்கள், இரு தரப்புக்கு இடையே பகையைத் தூண்டினான் என்று. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் இவனை வரச்சொல்லிப் போன் வந்தது.

ஊர்ப் பெரியவர்கள் சொன்னதில் ஒரு வாதம் கனமானது, அதைத் தள்ளிவிட்டு நான் நியாயம் பேச முடியாது. சங்கத்தில் முப்பது வருஷமாக இருக்கிற ஒரு மாமா எழுந்து சொன்னார்: "ஏழு பேரு அவன் கையில இருக்கான். எல்லையைத் தாண்டித்தான் போனான்னு நம்ம ஊருப் பயலே சொன்னா, அவன் ரேடியோலயும் பேப்பர்லயும் அதைத்தான் போடுவான். வெளிய வர்ற நேரத்துல இவன் வாயால உள்ள போகணுமா?" சட்டப்படி பார்த்தால் அந்தப் படகில் போகாத ஒருவன் கரையில் நின்று சொன்னது எந்தக் கோர்ட்டிலும் சாட்சியம் ஆகாது. ஆனால் பிடிபட்டவர்களின் விடுதலை பாதி கோர்ட்டிலும் பாதி இரண்டு அரசாங்கங்கள் பேசிக்கொள்வதிலும் நடக்கிற கடற்கரை இது. 1974 கடல் எல்லை ஒப்பந்தத்துக்கு அப்புறம், 1976 ஒப்பந்தத்துக்கு அப்புறம், போர்க் காலத்தில், போர் முடிந்த பிறகு என்று எத்தனை உடல்களைத் தூக்கி வந்த கரை. இங்கே "அங்கிட்டுத்தான் நின்னுச்சு" என்கிற வார்த்தைக்கு மதுரையிலோ சென்னையிலோ இல்லாத எடை உண்டு. மாமாவின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் தப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்மில் பலர் "கருத்துச் சுதந்திரம்னா என்ன வேணா பேசலாமா?" என்று கேட்டுவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறோம். அரசியலமைப்பின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது, 19(2) அதற்கு எல்லை போடுகிறது. எல்லை போட எட்டுக் காரணங்கள்தான் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிற சொல் 1951ல் முதல் திருத்தத்தின்போது சேர்ந்தது. ஊர் மனசு புண்பட்டது என்பது அந்த எட்டில் இல்லை. சோகமான நேரத்தில் பேசக்கூடாததைப் பேசினான் என்பதும் இல்லை.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் எரிச்சலூட்டும் பேச்சையும் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தபோது மூன்று விஷயங்களைப் பிரித்துக் காட்டியது: ஒன்றைப் பற்றி விவாதிப்பது, ஒன்றுக்காக வாதாடுவது, குற்றத்துக்குத் தூண்டிவிடுவது. முதல் இரண்டும் எவ்வளவு கசந்தாலும் உரிமைதான், மூன்றாவதைத் தொடும்போதுதான் அரசு கைவைக்கலாம். அதற்கும் முன்னால், இட ஒதுக்கீட்டைப் பற்றிய ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 1989ல் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமானால் அதற்கும் ஆபத்துக்கும் உள்ள நெருக்கம் வெடிமருந்துப் பீப்பாயில் விழுகிற பொறி மாதிரி இருக்க வேண்டும், கலாட்டா செய்வோம் என்று மிரட்டுகிறவர்களைக் காட்டிப் பேசுகிறவன் வாயை அடைக்கக் கூடாது என்றது. நம் பையன் பேசிய பிறகு கல் விழவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. கல் எறிவோம் என்று கூட்டத்தில் கத்தியவர்கள் இருந்தார்கள், அவர்கள் பெயரில் யாரும் புகார் கொடுக்கவில்லை.

ஸ்டேஷன் விஷயம் சீக்கிரம் முடிந்தது. புகாரில் சொல்லியிருந்தது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 196, 353 பிரிவுகள், மூன்று வருஷம் வரை தண்டனை. இந்த மாதிரிப் பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போடும் முன், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) சொல்கிறது, பேச்சு சம்பந்தப்பட்ட புகார்களில் அதைச் செய்வதே முறை என்று 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. ஒரு பேச்சின் விளைவை அளக்க வேண்டியது திடமான, தைரியமான மனசுள்ள ஆட்களை வைத்து, எதைக் கேட்டாலும் ஆட்டம் கண்டுபோகிறவர்களை வைத்து அல்ல. இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார், முழு வீடியோவையும் பார்த்தார், விசாரித்து முடித்துக்கொண்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை.

அப்பாடா என்று வெளியே வந்தேன். வந்த பிறகுதான் உறைத்தது, இவனை அடித்தது அரசாங்கமே இல்லை. படகைக் கட்டிப் போட்டது ஊர். 19ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் போய் என்ன செய்வது? தனியார் மீதும் இந்த உரிமையைக் கேட்கலாம் என்று 2023ல் கௌஷல் கிஷோர் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்தான், ஆனால் நண்டு எடுக்காத வியாபாரிக்கு எதிராக எந்த ரிட்டைப் போடுவது. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது நம் தமிழ்நாட்டு வழக்குதான். மகாராஷ்டிரத்தில் ஊர்விலக்கத்துக்கு எதிராக 2016ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், இங்கே அப்படி ஒன்று இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பிரிக்க வேண்டும், என் நண்பர்கள் சிலரே இதில் என்னோடு சண்டை போட்டார்கள். பேசுகிறவனுக்கு உரிமை இருந்தால் கேட்கிறவனுக்கும் இருக்கிறது அல்லவா, அவன் மூஞ்சியைப் பார்க்க மாட்டேன், அவன் நண்டை வாங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்று கேட்டார்கள். இருக்கிறது. ஒரு வியாபாரி, தன் தம்பி அந்தப் படகில் பிடிபட்டிருக்கிறான் என்கிற கோபத்தில், "உன் நண்டு எனக்கு வேணாம்பா, எடுத்துட்டுப் போ" என்று சொன்னால் அது அவருடைய பேச்சு, அவருடைய காசு. ஆனால் வாங்க நினைக்கிற வியாபாரியையும் வாங்கினால் அபராதம் என்று மிரட்டி நிறுத்துவது வேறு சங்கதி. முன்னதில் ஒரு மனிதன் தன் கருத்தைச் சொல்கிறான், பின்னதில் ஊர் அத்தனை பேருடைய கருத்தையும் ஒருவர் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். அதிலும் பேசியது மகன், கரையில் ஏற்றப்பட்டது அப்பாவின் படகு. அந்த மனுஷன் போனில் ஒரு எழுத்து தட்டத் தெரியாதவர்.

சரி, அந்த ஐந்து வாக்கியங்களுக்கு வருகிறேன்.

முதல் வாக்கியம் கருத்து, அதிலும் நம் கரையில் வாய்விட்டுச் சொல்லப்படாத கருத்து. போர் நடந்த காலம் முழுக்கக் கடலுக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடந்த வடக்கு மாகாண மீனவர்கள் 2009க்குப் பிறகு மறுபடி வலை விரித்தபோது அந்த வலைகளை அறுத்தது நம் விசைப்படகு மடிகள் என்பது அவர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் புகார். 2017ல் இலங்கை தன் கடலில் இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தப் புகாரைத் தமிழ்நாட்டுக் கரையில் ஒரு மீனவன் மகன் திருப்பிச் சொன்னால் அவனைத் துரோகி என்று எழுதுவது எளிது. எனக்கு அது தைரியமாகவே பட்டது. அந்த வார்த்தைக்காக அவன் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாவதும் கருத்துதான், கீழே உண்மை இருக்கிற கருத்து. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983லேயே வந்தது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடிக்குத் தடை. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்ததும் இந்த மோதலால்தான். மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017ல் மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் போட்டன, 2000 படகுகளை மாற்றுவது குறி, ஒரு படகுக்கு 80 லட்சம் மதிப்பு, 70 சதவீதம் மானியம். குறி வைத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட அது போகவில்லை, பத்து பன்னிரண்டு மணி நேரத்தில் கரை திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் சூரை மீனுக்குத் தூண்டில் போடச் சொன்னால் சட்டென்று போவானா. ஆக, மடி பிரச்சினைதான் என்பதை அரசாங்கமே காசு போட்டு ஒத்துக்கொண்டிருக்கிறது. டிபார்ட்மெண்டைத் திட்டிய பகுதியைப் பற்றிக் கேட்டால், அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று 1994ல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு.

மூன்றாவது வாக்கியம் அப்படியில்லை. "எல்லாருக்கும் தெரியும்" என்றானே, யாருக்குத் தெரியும்? அவன் அங்கே இல்லை. நான் நேரடியாகக் கேட்டேன்: "நீ பார்த்தியா?" "இல்ல சித்தப்பா." "பார்த்தவங்க யாராவது சொன்னாங்களா?" "போட்டுல போற ஒரு அண்ணன் சொன்னாரு, எப்பவும் அங்கிட்டுத்தான் போவோம்னு." எப்போதும் போவார்கள் என்பது வேறு, அன்றைக்கு அந்த நேரத்தில் நின்றது எங்கே என்பது வேறு. இது தண்டனைக்குரிய குற்றம் ஆகாது. ஆனால் தெரியாததைத் தெரியும் என்று சொல்லி, அதனால் இன்னொருவன் விடுதலை தள்ளிப்போகக் கூடும் என்கிற நேரத்தில் சொன்னால், திருத்த வேண்டிய கடமை இருக்கிறது. மாமா கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். "தெரியாமச் சொன்னேன்னு சொல்லு" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தால் அவன் அங்கேயே சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை, காலில் விழச் சொன்னார்கள்.

நாலாவதுதான் எனக்குத் தொழில்முறையில் வயிற்றைக் கலக்கியது. பெயர் சொல்லவில்லை என்று பையன் வாதாடினான். பெயர் சொல்லாவிட்டாலும் துறையையும் நிறத்தையும் சொன்னால் இன்னார் என்று ஊருக்கே தெரியும், சட்டத்துக்கு அது போதும். அவதூறு பி.என்.எஸ். 356ல் இன்னும் குற்றம்தான், இரண்டு வருஷம் வரை போகும், சமூக சேவையும் தண்டனையாகக் கொடுக்கலாம். இதைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016ல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை, அவதூறுக்கு சிவில் வழக்கே போதும் என்பது என் நிலைப்பாடு, ஆனால் சட்டம் அதுதான். போலீஸ் இதில் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். தப்பிக்க வழி, சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று இவன் காட்டுவது. இவனிடம் இருந்தது டீக்கடைப் பேச்சு. இந்தக் கரையில் பீடி இலையும் கடல் அட்டையும் மஞ்சளும் பிடிபடுவது அடிக்கடி பேப்பரில் வருகிறது, அதனாலேயே யாரை வேண்டுமானாலும் அதில் சேர்த்துச் சொல்வது சுலபமாகிவிட்டது, சொல்லப்பட்டவன் கையில் அதைத் துடைக்க ஒன்றும் இருக்காது.

இதில் வேதனை என்னவென்றால், சட்டப்படி அவன் உண்மையிலேயே பதில் சொல்லியாக வேண்டிய ஒரே வாக்கியம் இதுதான், ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்டிய 38 விநாடியிலும் இது இல்லை. எங்கள் ஊரில் படகு முதலாளி மேல் யாருக்கும் பிரியம் கிடையாது, அந்த வரியை ஊர் உள்ளுக்குள் ரசித்தது என்றே சொல்வேன். மனசு புண்பட்டதென்று கூடிய ஊர் தனக்குப் பிடிக்காதவன் மேல் விழுந்த பழியைப் பேசாமல் விட்டுவிட்டது.

ஐந்தாவது வாக்கியம் கொடுமை. அதே சமயம் முழுக்க முழுக்க அவன் உரிமைக்குள் இருக்கிற பேச்சு. ஒருவன் சிறையில் இருக்கட்டும் என்று சொல்வது எந்தச் சட்டப் பிரிவிலும் வராது, வரவும் கூடாது, தினமும் ஆயிரம் பேர் ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்கிறார்கள். சட்டத்தில் இடமில்லை என்பதால் அதற்குப் பதிலே கிடையாது என்று ஆகிவிடாது. யாரைச் சொன்னானோ அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வதுதான் அதற்கான பொறுப்பு. அபராதம் கட்டினால் அந்தப் பதிலைச் சொல்லாமலே தப்பித்துவிடலாம். அதைத்தான் நான் செய்ய வைத்தேன்.

கூட்டம் நடந்து பத்து நாள். படகு கரையிலேயே கிடந்தது, அண்ணன் வாயைத் திறக்காமல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மதினி அழுதது அழுதபடி. நான் சங்கத்தோடு பேசி அபராதத்தை 5,000 ஆக்கினேன், காலில் விழுவதை ரத்து செய்ய வைத்தேன், பதிலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "நான் வீடியோவில் பேசியது அனைத்தும் தவறு. இனி மீன்பிடித் தொழில் சம்பந்தமாகப் பொதுவெளியில் கருத்துச் சொல்ல மாட்டேன்." பையன் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அனைத்தும்னா, மடி பத்திச் சொன்னதுமா சித்தப்பா?" "இப்பக் கையெழுத்துப் போடுப்பா, படகு இறங்கட்டும்" என்றேன். போட்டான்.

‘மாதொருபாகன்’ நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்தது எனக்குத் தெரியாததா? மாவட்ட நிர்வாகம் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் அவர் எழுதிக் கொடுத்த கடிதம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எத்தனை கூட்டங்களில் நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். அதே மாதிரிக் கடிதத்தை என் கையாலேயே என் அண்ணன் மகனுக்கு எழுதினேன். அந்தக் கடிதம் பொய்யும்கூட. தப்பானதைத் திருத்தாமல், சரியானதையும் சேர்த்து விழுங்க வைத்தது. முதலாளிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, பிடிபட்டவர்கள் வீட்டுக்கும் இல்லை. சங்கத்துக்கு ஒரு காகிதம் கிடைத்தது, அவ்வளவுதான்.

படகு இறங்கி மூன்று வாரம் கழித்து அவனே வந்தான். முதலாளியைப் பார்க்க வேண்டும், நீங்கள் கூட வர வேண்டும் என்றான். போனோம். அவர் உட்காரச் சொல்லவில்லை. "கேள்விப்பட்டதை வச்சுச் சொல்லிட்டேன் முதலாளி, எனக்கு எதுவும் தெரியாது" என்றான். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் சொன்னார்: "மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கேன் தம்பி. வந்தவங்க அதைக் கேட்டாங்க. இங்க வந்து என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? போன்ல சொன்னதைப் போன்லயே சொல்லு." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை, கோர்ட்டும் போகவில்லை. பொறுப்பு என்றால் என்ன என்று இத்தனை தீர்ப்பு படித்த எனக்கு அவர் சொன்ன அந்த ஒரு வரியில் விளங்கியது.

அங்கிருந்து நேராகப் பிடிபட்ட ஒருவர் வீட்டுக்குப் போனோம். அந்த அக்கா வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், கை நிற்கவில்லை. "மடியைப் பத்திச் சொன்னேல்ல, அது சரிதான். எங்க வீட்டு ஆளும் அதைத்தான் சொல்லுவாரு, சொந்தமா ஒரு வத்தை இருந்தா இந்தப் பொழப்புக்குப் போவேனான்னு. ஆனா ஆறு மாசம்னு சொன்னியே, அந்த ஆறு மாசமும் இந்த வீட்டுக்கு அரிசி எங்க இருந்து வரும்னு நினைச்ச?"

அவன் தலையைக் குனிந்தபடி, "வீடியோவை எடுத்துடவா அக்கா?" என்று கேட்டான்.

"எடுத்து என்ன, எல்லாப் போன்லயும்தான் கெடக்கு. நான் கேட்டதுக்குச் சொல்லு."

அவனிடம் பதில் இல்லை, அதையே சொன்னான். "நான் யோசிக்கலக்கா."

இரண்டு நாள் கழித்து இரண்டாவது வீடியோ போட்டான், மூன்று நிமிடம், அதே கரை. பீடி இலை பற்றிச் சொன்னது பொய் என்று முதலிலேயே சொன்னான். படகு எங்கே நின்றது என்பது தனக்குத் தெரியாது என்றான். ஆறு மாதம் என்று சொன்னதற்கு அந்த மூன்று வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டான், அரிசிக் கேள்வியையும் அப்படியே சொன்னான். அப்புறம் மடியைப் பற்றியும் அந்தப் பக்கத்து வலைகளைப் பற்றியும் முன்னால் சொன்னதையே திரும்பவும் சொன்னான், ஒரு வார்த்தை குறைக்காமல். முதல் வீடியோவை எடுக்கவில்லை, அதற்குக் கீழேயே இரண்டாவதன் இணைப்பைப் போட்டுவைத்திருக்கிறான். முதலாவதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கு பேர்கூட இதைப் பார்க்கவில்லை. 38 விநாடியை வெட்டியவர் யார் என்பது ஊருக்குத் தெரியும், இன்றுவரை அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடிதத்தை மீறிப் பேசிவிட்டான் என்று மறுபடி கூட்டம் போட வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்தச் சங்கத்து மாமா வேண்டாம் என்றாராம். ஏழு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதை எழுதியது தப்பு என்று என் பெயரில், என் கையெழுத்தோடு சங்கத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, கடிதம் இன்னும் சங்கத்துப் பீரோவில்தான் இருக்கிறது.